குறட்டை, மூச்சடைப்பு, மிஷின்: ஸ்லீப் ஆப்னியா சிகிச்சை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்லீப் ஆப்னியா என்றால் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது. அதைக் கண்டறிய இரவுத் தூக்கத்தைப் பதிவு செய்யும் ஸ்லீப் ஸ்டடி எடுப்பது, மூச்சு வழி அடைக்காமல் காற்று ஊதும் சிபாப் மிஷினுக்கு மாஸ்க் பொருத்திக் கொடுப்பது, அந்த மிஷின் வீட்டுக்குப் போன பிறகு வருகிற போன்களுக்குப் பதில் சொல்வது, இதுதான் என் வேலை. நான் மருத்துவர் இல்லை. மருந்து, ஆபரேஷன் விஷயத்தில் முடிவு உங்கள் டாக்டருடையது. ஆனால் டாக்டர் அறையில் கேட்க மறந்ததையும் கேட்கக் கூச்சப்பட்டதையும் என்னிடம்தான் கேட்கிறார்கள். அப்படி வந்த கேள்விகள் இவை.

குறட்டை விடுகிற எல்லாருக்கும் இந்த நோய் இருக்குமா?

இல்லை. தொண்டையில் இடம் குறுகும்போது உள்நாக்கும் மெல்லண்ணமும் அதிர்ந்து வருகிற சத்தம்தான் குறட்டை. அது விடியவிடிய ஒரே தாளத்தில் வந்தால் பெரும்பாலும் பக்கத்தில் படுப்பவருக்குத்தான் கஷ்டம். நாம் கவனிக்க வேண்டியது சத்தம் நிற்கிற நேரத்தை. குறட்டை சட்டென்று அடங்கும், பத்து இருபது வினாடி ஒன்றும் கேட்காது, நெஞ்சும் வயிறும் மட்டும் மாறி மாறி இழுக்கும். அப்புறம் ஒரு பெரிய உறுமல், ஒரு புரளல், மறுபடி குறட்டை. இதுதான் அப்ஸ்ட்ரக்டிவ் ஸ்லீப் ஆப்னியா. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து, மூச்சு வழி அடைத்துக்கொள்கிறது. மூளை அரைகுறையாக விழித்துத் தசையை இறுக்கிய பிறகுதான் வழி திறக்கிறது. காலையில் அவருக்கு எதுவும் ஞாபகம் இருக்காது.

எழுந்தவுடன் தலைவலி, வாய் வறட்சி, இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீருக்கு எழுவது, பேப்பர் படிக்க உட்கார்ந்தால் கண் சொக்குவது, மூன்று மாத்திரை போட்டும் இறங்காத பிபி, இவற்றில் சில சேர்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். பெண்களுக்கு, அதுவும் மாதவிடாய் நின்ற பிறகு, குறட்டை பெரிதாக இல்லாமல் தூக்கமின்மை, அசதி, மனச்சோர்வு என்று வரும். தைராய்டு, ரத்தசோகை என்று எல்லாம் பார்த்துவிட்டு இதைக் கடைசியில் கண்டுபிடிப்பதுதான் வழக்கமாக இருக்கிறது.

டாக்டரிடம் போகும் முன் வீட்டில் ஒருவர் செல்போனில் இரண்டு நிமிடம் வீடியோ எடுத்துவிடுங்கள். ‘நான் குறட்டையே விடுறதில்லை’ என்று சாதிக்கிறவரைச் சமாளிக்கவும் அது உதவும்.

ரிப்போர்ட்டில் ஏஹெச்ஐ 34 என்று இருக்கிறது. அப்படியென்றால்?

ஒரு மணி நேரத் தூக்கத்தில் எத்தனை முறை மூச்சு முழுதாக நின்றது அல்லது வெகுவாகக் குறைந்தது என்ற கணக்கு. பத்து வினாடியாவது நீடித்தால்தான் எண்ணிக்கையில் சேரும். பெரியவர்களுக்கு 5க்குக் கீழே இயல்பு. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமையானது. 34 என்றால் சராசரியாக இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரத்துக்கும் மேல்.

ஆனால் அந்த ஒரு எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். ஆக்சிஜன் எவ்வளவு கீழே போனது, 90 சதவீதத்துக்குக் கீழே எவ்வளவு நேரம் இருந்தது, மல்லாந்து படுத்தபோது எத்தனை, ஒருக்களித்தபோது எத்தனை என்று அதே ரிப்போர்ட்டில் இருக்கும். சிகிச்சை எது என்று முடிவு செய்ய இவையெல்லாம் வேண்டும். 12 என்று வந்தும் பகலில் தூங்கி வழிகிறவர் உண்டு. 40 வந்தும் ‘எனக்கு ஒன்றுமில்லையே’ என்பவரும் உண்டு.

வீட்டிலேயே டெஸ்ட் எடுக்கலாமா, ஆஸ்பத்திரியில்தான் படுக்க வேண்டுமா?

சந்தேகம் வலுவாக இருந்து, இதய நோய், நுரையீரல் நோய், பக்கவாதம் மாதிரி வேறு சிக்கல் இல்லையென்றால் வீட்டு டெஸ்ட் போதும். மூக்கில் ஒரு சிறு குழாய், நெஞ்சில் பட்டை, விரலில் கிளிப், அவ்வளவுதான். அதில் மூளை அலை பதிவாகாது. அதனால் நீங்கள் உண்மையில் எவ்வளவு நேரம் தூங்கினீர்கள் என்று அதற்குத் தெரியாது, படுத்திருந்த நேரத்தையெல்லாம் வகுத்துவிடும். எண்ணிக்கை குறைத்தே காட்ட வாய்ப்புண்டு. வீட்டு டெஸ்ட் ‘நார்மல்’ என்று சொல்லி, தொல்லை மட்டும் அப்படியே இருந்தால் ஆஸ்பத்திரி டெஸ்டுக்குப் போவதுதான் சரி.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வராதீர்கள். மூளை அலை எடுக்கும் ஒயர்கள் ஒட்டாது, இரவெல்லாம் நான் வந்து வந்து ஒட்டிக்கொண்டிருப்பேன்.

சிகிச்சை எடுக்காமல் விட்டால் என்ன ஆகும்?

உடனடி ஆபத்து பகல் தூக்கம். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. லாரி, பஸ், கார் ஓட்டுவது தொழிலாக இருந்து, சிக்னலில் நிற்கும்போதே கண் மூடுகிறது என்றால், சிகிச்சை ஆரம்பித்துத் தெளிவு வரும்வரை ஸ்டியரிங்கைத் தொட வேண்டாம். இதில் நான் யாரிடமும் நயமாகப் பேசுவதில்லை.

நாள்பட்டால் ரத்த அழுத்தம், இதயத் துடிப்பு கோளாறு, பக்கவாதம், சர்க்கரை எல்லாவற்றோடும் இதற்குத் தொடர்பு இருக்கிறது. அதற்காக ‘மிஷின் போட்டால் ஹார்ட் அட்டாக் வராது’ என்று விற்பவர் பேச்சையும் நம்ப வேண்டாம். 2016இல் வெளிவந்த ‘சேவ்’ என்ற ஆய்வில், ஏற்கெனவே இதய நோயோ மூளை ரத்தக்குழாய் நோயோ இருந்த 2,700க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தார்கள். மிஷின் கொடுத்ததால் மாரடைப்போ பக்கவாதமோ குறைந்ததாகத் தெரியவில்லை. பகல் தூக்கமும் மனநிலையும் அன்றாட வாழ்க்கையும் நன்றாகத் தேறின. அதே ஆய்வில் அவர்கள் மிஷின் போட்ட நேரம் சராசரியாக இரவுக்கு 3.3 மணிதான். மீதி நேரமெல்லாம் மூச்சு அடைத்துக்கொண்டுதான் இருந்திருக்கும். அந்த எண்ணை மனதில் வையுங்கள், கீழே பல கேள்விகளுக்கு அதுதான் பதில்.

சிபாப் மிஷின் என்ன செய்கிறது? ஆக்சிஜன் கொடுக்கிறதா?

இல்லை. அறைக் காற்றையே இழுத்து, வடிகட்டி, லேசான அழுத்தத்தில் மூக்கு வழியாக அனுப்புகிறது. காற்று இறங்கிய சைக்கிள் டியூப்பின் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், காற்றடித்தால் விலகும். தொண்டைக்குள்ளும் அதுதான் நடக்கிறது. அழுத்தம் 4 முதல் 20 சென்டிமீட்டர் தண்ணீர் என்ற அளவுக்குள் இருக்கும். நிறையப் பேருக்கு 7 முதல் 12க்குள் முடிந்துவிடும்.

இது வருவதற்கு முன் கடுமையான நோயாளிகளுக்குக் கழுத்தில் ஓட்டை போடும் டிராக்கியாஸ்டமி ஆபரேஷன்தான் வழி. சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர், வாக்குவம் கிளீனர் மோட்டாரைத் திருப்பி ஊத வைத்து, மூக்கில் ஒட்டிய குழாய் வழியாகக் காற்றைக் கொடுத்துப் பார்த்தார். ஐந்து நோயாளிகளிடம் கிடைத்த பலனை 1981இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார். முதல் மிஷின்களின் சத்தத்தை நினைத்தால் இப்போது கிடைப்பது சொர்க்கம். மின்விசிறிச் சத்தத்தில் இன்றைய மிஷின் காதிலேயே விழாது.

பழகிவிட்டால் விட முடியாது, நுரையீரல் சோம்பேறி ஆகிவிடும் என்கிறார்களே?

மூச்சு விடுவது நீங்கள்தான். மிஷின் வழியைத் திறந்து வைக்கிறது, அவ்வளவே. நுரையீரல் பலவீனமாவது கிடையாது. ‘விட முடியவில்லை’ என்று தோன்றுவதற்குக் காரணம் வேறு: ஒரு மாதம் நன்றாகத் தூங்கியவருக்கு, மிஷின் இல்லாத இரவு எவ்வளவு மோசம் என்று அப்போதுதான் தெரிகிறது. முன்பும் அப்படித்தான் தூங்கினார்.

ஆனால் இது நோயைத் தீர்க்கும் சிகிச்சையும் இல்லை. போட்டிருக்கும்வரை வேலை செய்யும். எடை நன்றாகக் குறைந்தாலோ, காரணமாக இருந்த டான்சில் போனாலோ, மறு டெஸ்ட் எடுத்து டாக்டர் நிறுத்தச் சொன்ன ஆட்களும் இருக்கிறார்கள்.

சாதா சிபாப், ஆட்டோ, பைபாப்: எது வாங்குவது?

சாதா சிபாப் இரவு முழுக்க ஒரே அழுத்தம். எவ்வளவு என்பதை ஆஸ்பத்திரியில் ஒரு இரவு படுக்க வைத்துப் படிப்படியாக ஏற்றிப் பார்த்து முடிவு செய்வோம். டைட்ரேஷன் என்பது அதுதான். ஆட்டோ மிஷின் ஒவ்வொரு மூச்சையும் பார்த்துத் தேவைக்கேற்ப ஏற்றி இறக்கும். சாதாரண ஸ்லீப் ஆப்னியாவுக்கு ஆட்டோ போதும். பைபாப், உள்ளிழுக்கும்போது ஒரு அழுத்தம், வெளிவிடும்போது குறைவான அழுத்தம் தரும். மிக அதிக அழுத்தம் தேவைப்படுகிறவர்களுக்கும், ரத்தத்தில் கார்பன்டையாக்சைடு சேர்கிற உடல் பருமன் நோயாளிகளுக்கும், சில நுரையீரல் நோய்களுக்கும் அது வேண்டும். ‘பெரிய மிஷின்தான் நல்லது’ என்று தேவையில்லாமல் பைபாப் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். இதய பலவீனம் உள்ளவர்கள், மூளையே மூச்சுக் கட்டளையை நிறுத்தும் சென்ட்ரல் வகை ஆப்னியா உள்ளவர்கள் டாக்டர் சொல்லாமல் ஆட்டோவும் வாங்கக் கூடாது.

எந்த மாஸ்க்?

மிஷினைப் பற்றி பத்துப் பேர் கேட்டால் மாஸ்க்கைப் பற்றி ஒருவர் கேட்கிறார். தலைகீழாக இருக்க வேண்டும். மிஷின் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் காற்று காற்றுதான். முகத்தில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பது மாஸ்க். ‘எனக்கு சிபாப் ஒத்துக்கலை’ என்று சொல்லி மிஷினைப் பரணில் ஏற்றியவர்கள் வீட்டில் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் தப்பான அளவு மாஸ்க்தான் காரணமாக இருக்கும்.

மூன்று வகை. மூக்குத் துவாரத்தில் மட்டும் உட்காரும் நேசல் பில்லோ, மூக்கை மூடும் நேசல் மாஸ்க், மூக்கையும் வாயையும் மூடும் ஃபுல் ஃபேஸ். மூக்கு வழியாக மூச்சு விட முடிகிறவர்கள் முதலில் மூக்கு மாஸ்க்கைத்தான் முயன்று பார்க்க வேண்டும். ஃபுல் ஃபேஸ் பாதுகாப்பு மாதிரி தோன்றும், ஆனால் பரப்பு அதிகம், கசிவு அதிகம், அழுத்தமும் கூடுதலாகத் தேவைப்படும். சில பேருக்குத் தாடையைப் பின்னால் தள்ளி அடைப்பைக் கூட்டவும் செய்யும். மூக்கு நிரந்தரமாக அடைத்திருப்பவர்களுக்கு வேறு வழியில்லை, அவர்களுக்கு அதுதான்.

நம் ஊர் முகங்களுக்கு வரும் சிக்கல்களை எந்தக் கையேட்டிலும் போடவில்லை. பெரிய மீசை இருந்தால் மேல் உதட்டருகே காற்று கசிந்து கண்ணில் அடிக்கும். இவர்களுக்கு பில்லோ வகை நன்றாக அமையும், மீசையை எடுக்கத் தேவையில்லை. மூக்குத்தி போட்டவர்களுக்கு மாஸ்க் விளிம்பு கல்லின் மேல் ஏறி உட்கார்ந்து, காலையில் சிவந்து புண்ணாகிவிடும். இரவில் கழற்றிவைப்பது ஒரு வழி. கழற்ற மனமில்லாதவர்களுக்கு விளிம்பு மூக்குத்திக்கு வெளியே விழும்படி ஒரு அளவு பெரிய நேசல் மாஸ்க் பார்க்கலாம். முகத்தில் கிரீம், எண்ணெய் இருந்தால் சிலிகான் வழுக்கும். படுக்கும் முன் சோப்புப் போட்டு முகம் கழுவினால் பாதிக் கசிவு நின்றுவிடும். தலை எண்ணெய் ஊறிய பட்டை சில மாதத்தில் தொய்ந்துபோகும், இழுத்து இழுத்துக் கட்டுவார்கள், மூக்குத் தண்டில் புண் வரும்.

மாஸ்க்கை உட்கார்ந்துகொண்டு சரிசெய்யாதீர்கள். மல்லாந்து படுத்து, மிஷினை ஓடவிட்டு, காற்று வரும்போது பட்டையைச் சரிசெய்ய வேண்டும். படுத்தால் முகத்தின் வடிவமே மாறிவிடும். பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். இறுக்கினால் கசிவு நிற்கும் என்பது எல்லாருக்கும் தோன்றுகிற தவறு: சிலிகான் விளிம்பு காற்றில் உப்பி முகத்தில் உட்கார வேண்டும், நசுக்கினால் மடிந்து கசியும்.

இன்னொன்று. சில மாஸ்க்குகளில் பட்டையை மாட்ட காந்த கிளிப் இருக்கும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள், தலைக்குள் உலோகக் கிளிப் உள்ளவர்கள் காந்தம் இல்லாத மாஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள். பக்கத்தில் படுப்பவருக்கு பேஸ்மேக்கர் இருந்தாலும் அப்படித்தான்.

போட்டதும் மூச்சு முட்டுகிறது, பாதி ராத்திரியில் என்னையறியாமல் கழற்றி எறிந்துவிடுகிறேன். என்ன செய்ய?

முதல் நாளே இரவு முழுக்கப் போட முயல வேண்டாம். சாயங்காலம் டிவி பார்க்கும்போது, விழித்திருக்கையில் அரை மணி நேரம் போட்டுக்கொண்டு உட்காருங்கள். முதலில் மாஸ்க்கைக் கையில் பிடித்து, அப்புறம் பட்டை மாட்டி, அப்புறம் படுத்து. மிஷினில் ‘ரேம்ப்’ என்ற வசதி குறைந்த அழுத்தத்தில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றும். மூச்சு முட்டுவதாகச் சொல்கிற சிலருக்கு ரேம்ப் 4இல் ஆரம்பிப்பதுதான் தொல்லை, காற்று போதவில்லை. அதை 6 ஆக்கினால் சரியாகிவிடும். இது டாக்டரிடமோ டெக்னீஷியனிடமோ கேட்டு மாற்ற வேண்டியது.

கழற்றி எறிவது பெரும்பாலும் கசிவால் அல்லது மூக்கடைப்பால். காலையில் வாய் காய்ந்து கிடந்தால் வாய் திறந்து காற்று வெளியேறுகிறது என்று பொருள். மிஷினில் காற்றை ஈரமாக்கும் தண்ணீர்த் தொட்டியான ஹியூமிடிஃபையரின் சூட்டைக் கூட்டுங்கள், மூக்கடைப்புக்கு டாக்டரிடம் ஸ்ப்ரே கேளுங்கள். கடையில் கிடைக்கும் சொட்டு மருந்தைத் தினமும் விடாதீர்கள், சில நாளிலேயே அடைப்பு இரட்டிப்பாகும். வயிறு உப்பி ஏப்பமாக வந்தால் காற்றை விழுங்குகிறீர்கள், அழுத்தத்தை மறுபடி பார்க்க வேண்டும்.

எத்தனை மணி நேரம் போட வேண்டும்?

தூங்குகிற நேரம் முழுக்க, மதியத் தூக்கம் உட்பட. இரவுக்கு நாலு மணி நேரம், பத்தில் ஏழு நாள் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அது அமெரிக்காவில் காப்பீட்டுப் பணம் கொடுக்க வைத்த குறைந்தபட்ச அளவு, மருத்துவ இலக்கு இல்லை. கனவு வரும் தூக்கம் விடியற்காலையில்தான் அதிகம், தசைகள் அப்போதுதான் முற்றிலும் தளரும். மூன்று மணிக்குக் கழற்றி வைப்பவர் மோசமான நேரத்தில்தான் மிஷின் இல்லாமல் இருக்கிறார்.

என்ன தண்ணீர் ஊற்றுவது? எப்படிச் சுத்தம் செய்வது?

டிஸ்டில்டு வாட்டர். நம் ஊர் போர் தண்ணீரை ஊற்றினால் ஒரே வாரத்தில் தொட்டி அடியில் வெள்ளையாக உப்பு படியும். அவசரத்துக்கு ஆர்ஓ தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றலாம். இன்வெர்ட்டருக்கு வாங்கி வைத்த பேட்டரி தண்ணீர் வேண்டாம், அது மூச்சுக்குப் போவதற்காகத் தயாரானதல்ல. மிச்சத் தண்ணீரைத் தினமும் கொட்டிவிடுங்கள். மாஸ்க் விளிம்பைத் தினமும் ஈரத்துணியால் துடைத்து, வாரம் ஒருமுறை குழாயோடு சேர்த்து மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காய வையுங்கள். வெயிலில் போட்டால் சிலிகான் கெட்டியாகும். கொசுவர்த்தி, சாம்பிராணி அறைக்குள் வேண்டாம், எல்லாம் ஃபில்டரில் ஏறும்.

கரண்ட் போனால் மூச்சு அடைத்துவிடுமா?

அடைக்காது. மாஸ்க்கில் காற்று வெளியேற ஓட்டைகள் உண்டு, ஃபுல் ஃபேஸில் தனி வால்வும் உண்டு. அசௌகரியத்தில் விழித்துவிடுவீர்கள். வீட்டு இன்வெர்ட்டர் லைனில் படுக்கையறை ப்ளக் பாயிண்ட் இருந்தால் போதும். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும். மின்சாரத்தைத் தின்பது மோட்டார் இல்லை, ஹியூமிடிஃபையரின் ஹீட்டர். அதை அணைத்துவிட்டால் பேட்டரி வெகுநேரம் வரும். ரயிலில் பெர்த் பக்கத்து சார்ஜிங் பாயிண்டை நம்பி வராதீர்கள், அது செல்போனுக்கானது.

விலை? பழைய மிஷின் வாங்கலாமா? இன்சூரன்ஸ் வருமா?

ஆட்டோ மிஷின் கம்பெனியைப் பொறுத்துப் பல பத்தாயிரம் ரூபாய் ஆகும், மாஸ்க் தனி. முதலில் வாடகைக்கு எடுத்து ஒரு மாதம் பயன்படுத்திப் பார்த்து வாங்குங்கள். பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் வீட்டு உபயோக மிஷினுக்குப் பணம் தருவதில்லை, எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சிஜிஹெச்எஸ் என்ற மத்திய அரசு மருத்துவத் திட்டப் பயனாளிகள் முன்அனுமதி பெற்று வரம்புக்குள் திரும்பப் பெறலாம்.

பழையது வாங்கினால் இரண்டு விஷயம் பாருங்கள். ஓடிய மணி நேரம் எவ்வளவு என்பது மெனுவில் இருக்கும். அடுத்து, 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் தன் பல மாடல்களைத் திரும்பப் பெற்றது: சத்தம் குறைக்க உள்ளே வைத்த பாலியூரிதேன் நுரை சிதைந்து துகள்கள் மூச்சுக்குள் போகலாம் என்பதால். அந்த மாடல்கள் கைமாறிக் கைமாறி வர வாய்ப்புண்டு, சீரியல் எண்ணைச் சரிபார்க்காமல் வாங்காதீர்கள். மாஸ்க், குழாய், ஃபில்டர் எப்போதும் புதிது.

மிஷினே வேண்டாம், பல் டாக்டர் தரும் கருவி போதுமா?

லேசான, நடுத்தர நிலைக்கு நல்ல மாற்று. கீழ்த் தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னால் பிடித்து வைக்கும், நாக்கும் கூடவே முன்னால் வரும். ஏஹெச்ஐயைக் குறைப்பதில் சிபாப்தான் மேல். ஆனால் இரவு முழுக்க வாயில் இருக்கும் கருவி, பாதி இரவில் கழற்றும் சிபாப்புக்குச் சமமாக வேலை செய்யும் என்பதும் உண்மை. பற்களும் ஈறும் உறுதியாக இருக்க வேண்டும், பல்செட் போட்டவர்களுக்குச் சரிவராது. முதலில் தாடை வலியும் எச்சிலும் இருக்கும், வருடக்கணக்கில் கடி கொஞ்சம் மாறலாம். ஆன்லைனில் வெந்நீரில் போட்டுக் கடித்துப் பார்க்கிற கருவியோடு இதைக் குழப்பாதீர்கள். தூக்க மருத்துவம் தெரிந்த பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்து, போட்டுக்கொண்டே மறு டெஸ்டும் எடுக்க வேண்டும்.

எடை குறைத்தால் போய்விடுமா? அந்தப் புது ஊசி?

அமெரிக்காவின் விஸ்கான்சினில் பல ஆண்டு தொடர்ந்த ஆய்வு ஒன்று 2000இல் சொன்ன கணக்கு: எடை 10 சதவீதம் குறைந்தால் ஏஹெச்ஐ சுமார் 26 சதவீதம் குறையும், 10 சதவீதம் கூடினால் 32 சதவீதம் கூடும். 90 கிலோ ஆள் 81க்கு வந்தால் நல்ல மாற்றம் தெரியும், ஆனால் 34 என்பது 5 ஆகிவிடாது. ஒல்லியாக இருப்பவர்களுக்கும் இது வரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆசிய முகங்களில் தாடை அமைப்பாலேயே இடம் குறைவு, குறைந்த எடையிலேயே அடைப்பு ஆரம்பிக்கும்.

எடை குறைக்கும் டிர்செபடைட் ஊசியை, உடல் பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான ஆப்னியா உள்ளவர்களுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 டிசம்பரில் அனுமதித்தது. இந்த நோய்க்கென்று அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து இதுதான். அதற்கு ஆதாரமான ஆய்வில் ஒரு வருடத்தில் ஏஹெச்ஐ மணிக்கு 25 முதல் 29 வரை குறைந்தது, போலி ஊசி போட்டவர்களுக்கு 5 அளவுக்கு. அவர்களுக்கு ஆரம்பத்தில் சராசரி 50 இருந்தது என்பதைப் பார்த்தால், எல்லாருக்கும் மிஷின் தேவை போய்விடவில்லை என்று புரியும். இந்தியாவில் 2025 மார்ச்சில் சர்க்கரைக்கும் எடைக்குமாக வந்தது. வாந்தி, குமட்டல் உண்டு, நிறுத்தினால் எடை திரும்பும். டாக்டர் கண்காணிப்பில் மட்டும். ஊசி ஆரம்பித்த அன்றே மிஷினை மூட்டைகட்ட வேண்டாம்.

ஆபரேஷன் செய்தால் ஒரேயடியாகத் தீருமா?

எங்கே அடைக்கிறது என்பதைப் பொறுத்தது. உள்நாக்கையும் மெல்லண்ணத்தையும் வெட்டிச் சரிசெய்யும் யூபிபிபி 1981 முதல் இருக்கிறது. குறட்டைச் சத்தம் குறையும், அடைப்பு நாக்கின் அடியில் இருந்தால் ஆப்னியா அப்படியே இருக்கும். சத்தம் போனதால் நோய் போனதாக நினைத்து வருடக்கணக்கில் விட்டுவிடுவதுதான் இதில் எனக்குப் பயம். டான்சில் பெரிதாக உள்ள பெரியவர்களுக்குப் பலன் நன்றாக இருக்கும். மூக்குத் தண்டு வளைவைச் சரிசெய்வது தனியாக ஆப்னியாவைத் தீர்ப்பது அபூர்வம், ஆனால் மூக்கு மாஸ்க் போட வழி செய்யும். மேல், கீழ்த் தாடை இரண்டையும் வெட்டி முன்னால் நகர்த்துவது நல்ல பலன் தரும் பெரிய ஆபரேஷன்.

நாக்கை அசைக்கும் நரம்புக்கு மின்தூண்டல் கொடுக்கும் கருவியை நெஞ்சுத் தோலுக்கடியில் வைக்கிறார்கள். அமெரிக்காவில் 2014இல் அனுமதி பெற்றது. 126 பேரிடம் செய்த ஆய்வில் ஏஹெச்ஐயின் நடுமதிப்பு 29இலிருந்து ஒரு வருடத்தில் 9க்கு வந்தது. இந்தியாவில் இன்னும் பரவலாகவில்லை.

எந்த ஆபரேஷனுக்கும் முன்னால் மயக்கத் தூக்கத்தில் கேமராக் குழாய் விட்டு அடைப்பு எங்கே என்று பார்த்தார்களா என்று கேளுங்கள். முடிந்து சில மாதத்தில் மறு ஸ்லீப் ஸ்டடி எடுக்க வேண்டும்.

குழந்தை குறட்டை விடுகிறது. மிஷினா?

குழந்தைகளுக்கு வரிசை வேறு. டான்சில், அடினாய்டு பெரிதாக இருப்பதுதான் வழக்கமான காரணம், அவற்றை எடுப்பதே முதல் சிகிச்சை. அளவுகோலும் வேறு: மணிக்கு ஒன்றுக்கு மேல் போனாலே கவனிப்பார்கள். குழந்தை பகலில் தூங்கி விழாது, துறுதுறுவென்று கவனமில்லாமல் இருக்கும், படுக்கையில் சிறுநீர் போகும், வாய் திறந்தே தூங்கும். ‘ஆழ்ந்து தூங்குது பாரு’ என்று விடாமல் ஈஎன்டி டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒருக்களித்துப் படுத்தால் போதாதா? மூச்சுப் பயிற்சி, சங்கு ஊதுதல்?

மல்லாந்து படுத்தால் மட்டும் அடைக்கிற ஆட்கள் உண்டு, ரிப்போர்ட்டிலேயே தெரியும். அவர்களுக்கு முதுகுப் பக்கம் பை தைத்த சட்டையில் ஒரு டென்னிஸ் பந்து போட்டுக்கொள்வதுகூட உதவும். கடுமையான நிலைக்கு இது போதாது.

தொண்டைத் தசைப் பயிற்சியைக் கேலி செய்ய மாட்டேன். ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் டிஜரிடூ குழலை ஊதப் பழகியவர்களுக்கு ஆப்னியா குறைந்ததாக 2006இல் சுவிட்சர்லாந்தில் 25 பேரிடம் செய்த ஆய்வு சொன்னது. 2025இல் வெளிவந்த ஜெய்ப்பூர் ஆய்வில், 30 பேரில் ஒரு பாதிக்குச் சங்கு ஊதும் பயிற்சி கொடுத்து ஆறு மாதம் பார்த்தார்கள். பகல் தூக்கம் குறைந்தது, ஏஹெச்ஐ நாலைந்து அளவுக்கு இறங்கியது. சின்ன ஆய்வுகள், சின்ன பலன். ஏஹெச்ஐ 18 உள்ளவருக்கு அது பெரிய விஷயம், 50 உள்ளவருக்கு இல்லை. மூக்கில் மாட்டும் காந்த வளையத்துக்குக் கொடுக்கும் பணத்தை வீணடிக்க வேண்டாம்.

இரவு சாராயம் வேண்டாம், அது தொண்டையை இன்னும் தளர்த்தும். தூக்கம் வரவில்லையென்று கடையில் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவதும் அதே வேலையைச் செய்யும்.

மிஷின் ஒழுங்காகப் போடுகிறேன், இன்னும் பகலில் தூக்கம் வருகிறதே?

முதலில் மிஷினின் டேட்டா பாருங்கள்: கசிவு, மிச்ச ஏஹெச்ஐ, உபயோகித்த நேரம். எல்லாம் சரி என்றால் மொத்தத் தூக்கமே ஐந்து மணிதானா என்று பாருங்கள், பலருக்கு அதுதான். அடுத்து தைராய்டு, ரத்தசோகை, மனச்சோர்வு, வேறு மாத்திரைகள். அதுவும் இல்லையென்றால் விழிப்பு மருந்து உண்டு, அதை எழுதுவது டாக்டர்.

பெண் பார்க்க வருகிறார்கள், மிஷின் விஷயத்தைச் சொல்வதா?

மாதம் இரண்டு பேராவது கேட்கும் கேள்வி. சொல்லிவிடுங்கள் என்பேன். முதலிரவுக்கு மறுநாள் குறட்டையாகத் தெரிவதைவிட இது மேல். கல்யாணமாகி வந்த ஒரு பையனின் மனைவி என்னிடம் கேட்ட ஒரே சந்தேகம், குழாய் கட்டிலின் எந்தப் பக்கம் வரும் என்பது.

முழங்கால் ஆபரேஷனுக்குப் போகிறேன். மிஷினை எடுத்துப் போகணுமா?

கட்டாயம். அதற்கு முன் மயக்க மருத்துவரிடம் உங்களுக்கு ஸ்லீப் ஆப்னியா இருக்கிறது, இத்தனை ஏஹெச்ஐ, இத்தனை அழுத்தம் என்று சொல்லுங்கள். மயக்க மருந்தும், பிறகு கொடுக்கும் வலி மருந்தும் தொண்டையைத் தளர்த்தி மூச்சை மந்தமாக்கும். ஆபரேஷன் முடிந்த இரவுகளில்தான் மிஷின் மிகவும் தேவை. டெஸ்ட் எடுக்காதவர்கள், குறட்டையும் பெரிய கழுத்தும் பிபியும் இருந்தால் அதையாவது சொல்லுங்கள். மிஷின், மாஸ்க், குழாய், ஒரு எக்ஸ்டென்ஷன் கார்டு எல்லாம் ஒரே பையில். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அருகில் ப்ளக் பாயிண்ட் எப்போதும் எட்டாது.